அத்தை பாட்டு எடுத்த இடம்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை. ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் நடுவில் வேறொன்று குறுக்கே வந்து நிற்கும், முதலில் சொன்னது மறந்துபோகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுரம் கற்றுக்கொண்ட கதையை எழுதும்படி வீட்டில் சொன்னார்கள். கற்றுக்கொண்டேன் என்று சொல்லவே எனக்குக் கூச்சம். ஒரு ஆர்மோனியப் பெட்டி ஊரைவிட்டுப் போய்விடப் போகிறதே என்ற பதைப்பில் தெரிந்துகொண்டதுதான் அது. நிதானமாக உட்கார்ந்து கற்றது இல்லை.

எங்கள் சேரி திருப்புலிவனத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், வண்டிப் பாதையை விட்டுக் கழனிக்குள் தள்ளி இருந்தது. யாருக்கும் நிலம் கிடையாது. நாற்று பிடுங்குவது, நடுவது, களை எடுப்பது, அறுப்பது எல்லாம் ஊர்க்காரர்களுடைய கழனியில். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். மண் சுவரும் பனையோலைக் கூரையுமாக எங்களுக்கு ஒரு சின்னக் கோயில் இருந்தது. ஐயர் என்று நாங்கள் சொல்கிற பாதிரியார் மாதத்துக்கு ஒரு தரம் சைக்கிளில் வந்து ஆராதனை நடத்திவிட்டுப் போவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கேயே தங்கியிருந்த உபதேசியார் ஜெபம் சொல்லி, பாட்டும் அவரே எடுத்துக் கொடுப்பார். அவர் சம்சாரம் தரையில் உட்கார்ந்து ஆர்மோனியப் பெட்டி வாசிப்பார்கள். இடது கையால் பின்பக்கத் துருத்தியைத் தள்ளிக்கொண்டே வலது கையால் கட்டைகளை அழுத்துவார்கள். நான் பெண்கள் வரிசையில் கடைசியில் உட்கார்ந்து அந்த வலது கையையே பார்ப்பேன்.

நயாபைசா வந்த புதிது அது. எனக்குப் பதினைந்து, பதினாறு இருக்கும். அந்த ஆவணியில் உபதேசியாருக்கு வேறு ஊர் மாற்றலாகிவிட்டது. அவர்கள் போனார்கள், பெட்டி கோயிலோடு நின்றது. பழைய புடவை ஒன்றைப் போட்டு மூடி மூலையில் வைத்தார்கள். அதற்குப் பிறகு பாட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை என் அத்தையிடம் வந்தது. என் நைனாவின் அக்கா. நடவில் முதல் குரல் எப்போதும் அவளுடையதுதான் என்பதால் கோயிலிலும் அவளையே பார்த்தார்கள்.

அடுத்த தரம் ஐயர் வந்தபோது, ஆராதனை முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் முன்னால் சொன்னார்.

"மாகறல் பக்கத்துச் சபையில பெட்டி வேணும்னு கேக்குறாங்க. அங்க ஒரு வாத்தியார் இருக்கார், கத்துக்கிறேன்னு சொல்றார். இங்க சும்மா கிடந்தா எலிதான் துருத்தியைக் கடிக்கும். அறுப்பின் பண்டிகை வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள இங்க யாராவது வாசிச்சா பெட்டி இங்கயே இருக்கட்டும். இல்லன்னா அன்னிக்கே அவங்க வண்டியில ஏத்திக்கினு போவட்டும்."

எல்லோரும் எழுந்து போனார்கள். நான் மட்டும் புடவை மூடிய பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். எனக்கு நாலு பேர் எதிரில் வாய் திறக்க வராது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லும்போதே குரல் உள்ளே போய்விடும். கோயிலில் எல்லோரும் பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பேன். ஆனால் பாட்டு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். உபதேசியாரம்மா வாசிக்கும்போது, இதில் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், விரல் இருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறேன். பெட்டி போய்விட்டால் எனக்கு இருந்த ஒரே வழியும் போய்விடும். இதை யாரிடம் சொல்வது? சொல்லவும் வாய் திறக்க வேண்டுமே.

அத்தை மகள் செங்கல்பட்டில் போர்டிங்கில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான். காலாண்டு லீவுக்கு வந்தவள், நான் கோயிலுக்குள் அந்தப் புடவையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடீ, பாம்புப் பெட்டியத் தொறக்குற மாதிரி தொறக்குற. நகரு."

அவளுக்குப் போர்டிங்கில் ஒரு அக்கா சுரம் சொல்லித்தந்திருந்தாள். வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து என் விரலைப் பிடித்து வைத்தாள்.

"ரெண்டு கறுப்பு சேந்தாப்ல நிக்குது பாரு. அதுக்கு இந்தாண்ட கீற வெள்ளைதான் ச. அதுலேந்து வெள்ளையாவே போ. ச, ரி, க, ம, ப, த, நி. மறுபடி ச. அவ்ளோதான்."

"கறுப்பு எதுக்கு?"

"அது பெரிய பாட்டுக்காரங்களுக்கு. உனக்கு இன்னாத்துக்கு அது?"

"ச எப்பவும் இங்கயேதான் இருக்குமா?"

"பின்ன, எழுந்து போயி உத்திரமேரூரு சந்தையில நிக்குமா?"

எனக்கு மறந்துபோகும் என்று விளக்குச் சிம்னியிலிருந்து கரியை வழித்து எச்சில் தொட்டு அந்தக் கட்டையில் ஒரு பொட்டு வைத்தாள். லீவு முடிவதற்குள் ஏறி இறங்கப் பழகிவிட்டேன். ஒரு நன்றிப் பாட்டையும், எந்தக் கட்டைக்கு அப்புறம் எந்தக் கட்டை என்று பார்த்துப் பார்த்து அழுத்தத் தெரிந்துகொண்டேன். பண்டிகையில் எங்கள் சபை பாட வேண்டிய பாட்டு அதுதான். அவள் போர்டிங்குக்குத் திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு என் கை ஒரு இடத்தில் நிற்கவில்லை. அது கடைசி நடவு சமயம். நாற்றுமுடியை இடது கையில் பிடித்தால் வலது கை அதன்மேல் ச ரி க ம போடும். வரிசையில் நான் பின்தங்கிவிடுவேன். என் அம்மா சேற்றில் குனிந்தபடியே கேட்பாள்.

"கையில இன்னா பூரான் ஊறுதா? நட்டுக்கினு வாடீ. உன்னால மேஸ்திரிகிட்ட பேச்சு வாங்க என்னால ஆவாது."

சாயங்காலம் கால் கழுவியதும் கோயிலுக்கு ஓடுவேன். வீட்டில் கூப்பிடுகிற சத்தம் கேட்டால் ஓடி வருவேன். இருட்டினால் கட்டை தெரியாது. கிடைக்கிறது அந்தக் கொஞ்ச நேரம்தான். பாட்டு நன்றாக வந்த அன்றைக்குக்கூட நிம்மதி இல்லை. அந்த வாத்தியார் என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டிருப்பாரோ என்று தோன்றும். அவர் எப்படி இருப்பார் என்றுகூட எனக்குத் தெரியாது, ஆனாலும் அவர் விரல்கள் ஓடுவதுபோல் மனதில் ஓடும்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு அத்தை மகள் வந்ததும் பெண்களைக் கூட்டி ஒத்திகை வைத்தாள். அன்றைக்குத்தான் எல்லாம் கெட்டது.

எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நடவிலே யார் பாட்டு எடுக்கிறாளோ அவள் எடுத்த இடம்தான் இடம். மற்றவர்கள் அவள் பின்னால் போக வேண்டும். ஏற்று, இறக்கு என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால், அப்படியானால் நீ எடு என்று நிறுத்திவிடுவார்கள், அப்புறம் அன்றைக்கு நடவு ஓடாது. கோயிலிலும் அதே வழக்கம்தான். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு பாட்டை எடுத்தாள். நான் பொட்டு வைத்த கட்டையில் தொடங்கினேன். இரண்டும் ஒட்டவில்லை. ஒரே பாட்டுதான், ஆனால் பெட்டி ஒரு தெருவில், அத்தை ஒரு தெருவில்.

அத்தை மகள் கையைத் தட்டி நிறுத்தினாள்.

"யம்மா, மேல வா. நீ கீழ எடுக்குற."

"மேலன்னா எங்கடீ? பனமரத்து மேலயா?"

"பெட்டி எங்க கீதோ அங்க வா. ச அங்கதான் கீது."

அத்தை ஒரு தரம் முயற்சி செய்தாள். உயரே போகிற வரி வந்ததும் தொண்டை பிளந்து இருமல் வந்துவிட்டது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எனக்குப் பெட்டி பாடணுமா, பெட்டிக்கு நான் பாடணுமா? வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி அதுங்கிட்ட உத்தரவு கேட்டுக்கினு நிக்கணுமோ?"

"அது கணக்கும்மா. மாத்த முடியாது."

"உன் கணக்க உன் போர்டிங்லயே வச்சிக்கோ. அந்த உபதேசியாரம்மா வாசிச்சப்ப எவளுக்காச்சும் இரும வந்துச்சா? எனக்கு அடுப்புல வேல கீது."

அவள் எழுந்தாள். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். போகிறபோது ஒருத்தி என்னைப் பார்த்து, "இதுக்கு எலி கடிச்சாலே தேவல" என்றாள். நான் துருத்தியை மூடிப் புடவையைப் போட்டேன்.

அத்தை மகளும் லீவு முடிந்து போய்விட்டாள். அறுப்பு தொடங்கிவிட்டது. பண்டிகைக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. அத்தையைக் கெஞ்சி மேலே வரச் சொல்லலாம். அவளால் முடியாது என்பதை என் காதால் கேட்டிருந்தேன். பெட்டியைக் கீழே வரச் சொல்ல முடியுமா? அது மரப்பெட்டி. இந்த இரண்டுக்கும் நடுவில் என் மனசு கிடந்து அலைந்தது. ஆனால் அத்தை கேட்ட ஒரு கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. உபதேசியாரம்மா இருந்தபோது பெண்களுக்கு ஏன் இருமல் வரவில்லை? யோசித்தேன். அப்போது பாட்டு எடுத்தவர் உபதேசியார், ஆண் குரல். நாங்கள் வந்த வரைக்கும் முனகினோம், வராத இடத்தில் சும்மா இருந்தோம். பொட்டு வைத்த கட்டை அவருடைய இடமாக இருந்திருக்கலாம். அத்தைக்கு வேறு இடம் உண்டோ என்னவோ.

ஒரு நாள் அறுப்புக் கழனியில் அத்தை அதே பாட்டை வாய்க்குள் எடுத்தாள். அவள் எடுத்த அந்த முதல் சத்தத்தை அப்படியே தொண்டையில் வாங்கிக்கொண்டேன். வேலை முடிகிற நேரம். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, ம்ம்ம் என்று விடாமல் முனகியபடியே கோயிலைப் பார்த்து நடந்தேன். யாராவது பேசினால் அது நழுவிவிடும். அம்மா பின்னாலிருந்து, "வூட்டுக்கு வரலியா?" என்றாள். கையை மட்டும் ஆட்டினேன்.

"வாய்ல இன்னா, கொழுக்கட்டயா? தொறந்து சொல்லேன்டீ."

நான் திறக்கவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்தினேன். பொட்டுக்கு இடப்பக்கம் இரண்டாவது வெள்ளையில் பெட்டியும் என் முனகலும் ஒன்றாகச் சேர்ந்தன. இரண்டும் சேரும்போது காதில் ஒரு அடக்கம் வரும். அதுவரை அதிர்ந்துகொண்டிருந்தது நின்றுபோகும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கிருந்து வெள்ளையாகவே ஏறினேன். ச, ரி சரியாக இருந்தது. க வந்ததும் பாட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டது. சாவு வீட்டில் பாடுவதுபோல் இருந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன், அதேதான். பிறகு, நமக்கு எதற்கு என்று விட்டுவைத்திருந்த கறுப்பைத் தொட்டேன். அந்த வெள்ளைக்குப் பக்கத்தில், மேலே இருந்த கறுப்பு. பாட்டு தலை நிமிர்ந்தது. ம, ப இரண்டும் வெள்ளையிலேயே சரியாக இருந்தன. த-வும் நி-யும் மறுபடி கறுப்புக்குப் போயின.

இது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு இருட்டிவிட்டது. மறுநாள் முழுக்க வேலையில் மனசு இல்லை. சாயங்காலம் வந்து பொட்டிலிருந்து ஒரு தரம், அத்தை இடத்திலிருந்து ஒரு தரம், மெதுவாக எண்ணிப் பார்த்தேன். ச-விலிருந்து ரி-க்குப் போகும்போது நடுவில் ஒரு கட்டையைத் தாண்டுகிறேன். ரி-யிலிருந்து க-வுக்கும் ஒன்றைத் தாண்டுகிறேன். க-வுக்கும் ம-வுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அப்புறம் ப, த, நி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாண்டல். நி-யிலிருந்து மேல் ச ஒட்டி இருக்கிறது. இரண்டு இடத்திலும் இதே கணக்குதான். தாண்டுகிற கட்டை ஒரு இடத்தில் கறுப்பு, இன்னொரு இடத்தில் வெள்ளை. நிறத்தில் ஒன்றும் இல்லை, கால் எடுத்து வைக்கிற எட்டு மாதிரி, எட்டில்தான் எல்லாம். பெரிய எட்டு, பெரிய எட்டு, சின்ன எட்டு. பெரிய எட்டு மூன்று, சின்ன எட்டு ஒன்று. எங்கே நின்று தொடங்கினாலும் எட்டு மாறாமல் இருந்தால் பாட்டு மாறாது.

இதைக் காலுக்குச் சொல்லிக்கொண்டேன். வேலைக்குப் போகும்போது வரப்பில் அப்படியே எட்டு வைத்து நடந்தேன். பின்னால் வந்த பெண்கள், "ஏண்டீ, வரப்புல நொண்டி ஆடிக்கினு போற?" என்றார்கள். சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை கோயிலில் பாட்டை எடுத்ததும் நான் புடவையை நீக்கினேன். அவள் என்னை முறைத்தாள், ஆனால் பாட்டை நிறுத்தவில்லை. அவள் இடத்தில் விரலை வைத்துப் பின்னாலேயே போனேன். உயரே போகிற வரியில் அவள் ஒரு கணம் என் பக்கம் பார்த்தாள். இருமல் வரவில்லை. முடிந்ததும் பெண்களிடம் சொன்னாள்.

"இப்பத்தான் பெட்டி வழிக்கு வந்துச்சி."

பண்டிகையன்று ஐயர் வந்தார். மாகறல் பக்கத்துச் சபைக்காரர்கள் வண்டியோடு வந்து வேப்பமரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். அந்த வாத்தியாரும் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டிருந்தார். வண்டியில் வைக்கோல் பரப்பி இருந்தது. பெட்டி ஆடாமல் இருப்பதற்காக. அதைப் பார்த்ததும் நான் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில், விளைச்சலிலிருந்து ஜனங்கள் கொண்டுவந்த காணிக்கைகளை ஏலம் விட்டார்கள். எங்கள் பண்டிகையில் பாட்டுக்கு முன்னால் ஏலம்தான். ஒரு பூசணிக்காய்க்காக அத்தை மாகறல் பக்கத்துப் பெண் ஒருத்தியோடு போட்டி போட்டுக் கத்தினாள். விட்டுக் கொடுக்கவே இல்லை. பூசணிக்காயும் அவளுக்கே கிடைத்தது. சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். பாட்டு எடுத்தபோது குரல் கம்மியிருந்தது. அவள் எடுத்தது எங்கள் இடமே இல்லை. இன்னும் கீழே.

என் விரல் பழகிய கட்டையில் இருந்தது. அழுத்தியவுடன் பாட்டோடு சேராமல் காதைக் கடித்தது. எடுத்துவிட்டேன். பாட்டு என்னை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் முழுக்க என் முதுகைப் பார்ப்பதுபோல் இருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த வைக்கோல் ஞாபகம் வந்தது. துருத்தியை மெல்லத் தள்ளி, சத்தம் வெளியே தெரியாத அளவுக்குப் பக்கத்துக் கட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். இடப்பக்கத்துக் கறுப்பில் அடக்கம் வந்தது. அங்கிருந்து எட்டு வைத்து ப-வைக் கண்டுபிடித்து, ச-வையும் ப-வையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் அப்போது துணிச்சல். முதல் சரணம், இரண்டாவது சரணம் அப்படியே போயின. பிடித்துக்கொண்டே உள்ளுக்குள் எட்டுகளை எண்ணினேன். மூன்றாவது சரணத்தில் விரலை எடுத்துப் பாட்டின் மேலேயே நடந்தேன். நி-யில் ஒரு தரம் தவறிப் பக்கத்துக் கட்டையில் விழுந்தேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும். மீதி விழாமல் போய் முடிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு வாத்தியார் ஐயரிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"பாதி பாட்டு ரெண்டு கட்டையத்தானே ஐயரே புடிச்சிக்கினு இருந்துச்சி அந்தப் பொண்ணு? அது வாசிச்ச கணக்கா?"

ஐயர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, ஆரம்பத்துல ஏன் வாசிக்கல?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டிருந்த அத்தைதான் சொன்னாள்.

"நான் எடத்த மாத்திட்டேன், ஐயரே. கத்திக் கத்தித் தொண்ட பூட்ச்சி. அது என்னத் தேடிக்கினு வந்துச்சி. வந்து புடிச்சிச்சா இல்லியா?"

"எப்படித் தேடின?" என்றார் வாத்தியார் என்னிடம். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பதிலுக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஐயர் அவரையே ஒரு வரி பாடச் சொன்னார். அவர் ஆண் குரலில் எங்கோ எடுத்தார். நான் தொட்டுத் தொட்டுப் பார்த்து அவர் இடத்தைப் பிடித்து, எட்டு வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் குனிந்து கட்டையைப் பார்த்தார். "ஒருத்தரு வூட்டுப் பெட்டியில பழகுறப்ப நான் வெள்ளையிலயே போய்க்கினு இருந்தேன்" என்றார்.

பெட்டி எங்கள் கோயிலிலேயே இருக்கட்டும் என்றார் ஐயர். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் வண்டி வரும், பெட்டியோடு நானும் போக வேண்டும், அங்கே வாசிக்க வேண்டும், வாத்தியாருக்கும் காட்ட வேண்டும் என்றார். பெட்டி நின்றது என்று சந்தோஷப்பட எனக்கு நேரமே கிடைக்கவில்லை. தெரியாத ஊரில், தெரியாத ஜனங்கள் எதிரில் போய் உட்காருவதா? அத்தையைப் பார்த்தேன். அவள், "நான் வரேன், போலாம்" என்றாள், மார்க்கெட்டுக்குப் போகிறமாதிரி.

அந்த முதல் ஞாயிறு செய்யாற்று மணலில் வண்டிச் சக்கரம் அழுந்தி அழுந்திப் போனது. பெட்டி ஆடாமல் நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கே பாட்டு எடுத்தவர் ஒரு கிழவர். நான் கேட்டதிலேயே மிகத் தாழ்ந்த குரல். பெட்டியின் இடது ஓரத்தில், நான் அதுவரை தொட்டே இராத கட்டைகளில் அவரைத் தேட வேண்டியிருந்தது. கல்யாணம் ஆகிப் போகும் வரைக்கும் மாதா மாதம் போனேன். ஒவ்வொரு தரமும் யாராவது ஒருவர் புது இடத்தில் எடுப்பார்கள். ஒரு தரம்கூட நிம்மதியாகப் போய் உட்கார்ந்தது இல்லை.

இதில் நான் சொன்ன எட்டுக் கணக்கை முறையாகப் பாட்டுப் படித்தவர்கள் யாராவது ஒரு பெட்டியை வைத்துச் சரிபார்த்தால் நல்லது. அத்தை இடத்தில் க, த, நி மூன்றும் கறுப்பு என்று எழுதியிருக்கிறேன், கை ஞாபகத்தில் எழுதியது. அந்தச் சுரவரிசைக்கு ஒரு ராகத்தின் பெயர் சொல்வார்களாம், எனக்குத் தெரியாது. பண்டிகை தை கடைசியிலா மாசியிலா என்பதும் நிச்சயம் இல்லை. அங்கே இருந்தவர்கள் வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் திருத்திவிடுங்கள்.